நூற்றிப் பதினெட்டாவது மீற்றர்

பெட்டி கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது.
மீன்பெட்டி என்று நினைத்து
நடத்துநர் எஞ்சின் பக்கம் தள்ளி வைத்திருந்தார்.
உள்ளே ஓர் ஆறு.
துளைகருவி உருவி எடுத்த கல்லுருளைகள்,
ஒவ்வொன்றின் முதுகிலும் நீல மையில் ஆழம்.
வயது இருபத்தைந்து கோடி வருசம்.
கையெழுத்து வைத்து வாங்கினேன்.

ஆறே இல்லாத ஊரில் ஆறு படிக்கிறாளாம் என்று
கன்ரீனில் சிரிப்பார்கள்.
நியாயம்தான்.
சுண்ணக்கல்லில் பெய்த மழை
சொல்லாமல் கொள்ளாமல் கீழே போய்விடும்.
வழுக்கையாற்றை ஆறென்று கூப்பிட
கார்த்திகை வேண்டும்,
கொஞ்சம் பெரிய மனசும் வேண்டும்.

யூட் கல்லை இடிப்பான், அமிலம் ஊற்றுவான்.
நாவாந்துறைப் பிள்ளை, சேற்றைக் காலால் அறிந்தவன்.
கரையாதது மட்டும் கண்ணாடித் தகட்டுக்கு வரும்.
நூற்றி முப்பதாவது மீற்றரில்
நாக்குப்போல் இலை விட்ட காடொன்றின் மகரந்தம்,
இரண்டு செட்டை விரித்தபடி,
முன்னூற்றிப் பன்னிரண்டு.
நூற்றி இருபதில் நாற்பத்தொன்று,
மீதியெல்லாம் கரியும் பங்கசும்.
நூற்றிப் பதினெட்டில்

"எத்தினை, அக்கா?"
"ஒண்டுமில்லை."
"ஒண்டுமில்லை எண்டதையும் எழுதவேணுமோ?"
"அதைத்தான் எழுதவேணும்."

எரிமலை வெடித்தது எங்கோ வடக்கில்.
இங்கே வெந்தது இலை.
சுண்ணாம்புக் குறுணிக்குள் காபன்
எடை குறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறது,
காய்ச்சல்காரர் மெலிவதுபோல.
கீழே சாம்பல் நிறக் களி. மேலே சிவந்த மணல்.
களியின் காலத்தில் ஆறு வளைந்து நடந்திருக்கிறது.
மணலின் காலத்தில் அதற்கு வளையத் தெரியவில்லை;
பத்தாய்ப் பிரிந்து, அகப்பட்டதையெல்லாம் இழுத்துக்கொண்டு
ஓடியிருக்கிறது.
வளைவது ஆற்றின் குணம் என்றிருந்தேன் இவ்வளவு நாளும்.
கரையைப் பிடித்திருந்த வேரின் குணம் அது.

பேராசிரியர் சங்கரலிங்கம் ஸூமில் கேட்டார்:
இல்லாததால் பூச்சியமா,
காணாததால் பூச்சியமா?
இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு
கொஞ்சம் பிந்தித்தான் பதில் சொல்ல வரும்.
மூன்று தகடும் திரும்ப எண்ணினேன்.
பூச்சியம். பூச்சியம். பூச்சியம்.
பிளேன்ரீ ஆறிப்போயிருந்தது.
நீர் ஓடுவதற்கும் சூடு இறங்குவதற்கும்
ஒரே சொல்லை வைத்தது ஆர்?
அந்த ஆறு ஆறி, காடு திரும்பி,
கரி படியும் சதுப்பாக
ஏறக்குறைய ஒரு கோடி வருசம் என்கிறார்கள்.

பிறகு புயல். மூன்று நாள் கரண்ட் இல்லை.
யூட்டின் மோட்டச்சைக்கிளில் அராலி மட்டும் போனோம்.
வழுக்கையாறு றோட்டில் நின்றது,
வயலின் செம்மண், உமி, ஷாம்பூ பக்கற்,
யாரோ ஒருவரின் இடக்காற் செருப்பு.
ஜாம் போத்தலில் அள்ளிவந்து மேசையில் வைத்தேன்.
முதலில் மணல் இறங்கியது,
விடியுமட்டும் களி இறங்கிக்கொண்டே இருந்தது.
மிதந்த பொலித்தீன் துண்டு
எந்தப் படையிலும் சேரவில்லை.

புழுக்கம் தாங்காமல் லாப்பின் யன்னலைத் திறந்து,
பழைய நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி
நூற்றிப் பதினேழைப் பார்த்தேன்.
மூலையில், ஒன்று.
மூன்று கீற்றுத் தழும்போடு ஒரு வித்தி.

பன்னம் திரும்பியிருக்கலாம், ஒரு மீற்றர் தள்ளி,
எல்லாம் செத்த மண்ணுக்கு முதல் ஆளாய்.
அல்லது யன்னலுக்கு வெளியே
ஈரச் சுவர் வெடிப்பில் முளைத்து நிற்கிறதே,
அதிலிருந்து நேற்றுப் பறந்து விழுந்திருக்கலாம்.
பழையதென்றால் கபிலம், புதியதென்றால் மஞ்சள்.
இந்த வெயிலில் எல்லாமே மஞ்சள்.

எண்ணிக்கைக் கட்டத்தில் பென்சிலால் ஒன்று போட்டேன்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
யன்னலைச் சாத்தவோ, அக்கா, என்றான் யூட்.
இனிச் சாத்தி என்ன.